இரண்டு கிளினிக் கொப்பிகளுக்கு நடுவே: கடல்கடந்து பணியாற்றும் எம் நரம்பியல், உளமருத்துவ நிபுணர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வைத்திய நிபுணர்களே, பேராசிரியர்களே,

இலண்டனிலும் சிட்னியிலும் ரொறன்ரோவிலும் நரம்பியல், உளமருத்துவம், வலிப்புநோய், முதுமை மறதிநோய் ஆகிய துறைகளில் பொறுப்பான பதவிகளை வகிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் கேட்கப்போவதில் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. வட மாகாணத்தின் உளநலப் பிரிவுகளில் 26 ஆண்டுகள் வைத்திய அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். நிபுணர் பட்டம் பெற்றவனல்லன். நிபுணர் இல்லாத நாட்களில் விடுதியைப் பார்த்துக்கொண்டவன்.

என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் எங்கள் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். 2009 இன் தொடக்கத்தில் முல்லைத்தீவுப் பக்கத்தில் தலையில் ஷெல் துண்டு பட்டு உயிர்தப்பியவர். துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவருக்கு வலிப்பு வரத் தொடங்கியது. நரம்பியல் கிளினிக்கில் மருந்து எழுதினார்கள், வலிப்பும் அடங்கியது. ஆனால் சில மாதங்களில் வீட்டில் அவருடைய கோபம் தாங்க முடியாததாயிற்று. பாத்திரங்கள் உடைந்தன, மகள் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மனைவி அவரை எங்களிடம் கூட்டிவந்தார். நாங்கள் கோபத்துக்கு மருந்து எழுதினோம், பிறகு அதன் அளவைக் கூட்டினோம். அவரிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. ஒன்று செவ்வாய்க்கிழமைக்கு, மற்றது வெள்ளிக்கிழமைக்கு. வலிப்புக்கு எழுதப்பட்டிருந்த லெவட்டிரசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் மூர்க்கத்தையும் உண்டாக்கும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மற்றக் கொப்பியை விரித்துப் பார்க்க எனக்கு ஓராண்டுக்கு மேல் எடுத்தது. அதுவும், மனைவி தன் பையில் எதையோ தேடியபோது அது வெளியே வந்து என் மேசையில் விழுந்ததால். நரம்பியல் நிபுணரோடு பேசி மருந்தை மாற்றிய ஆறாவது வாரத்தில் மகள் வீடு திரும்பினாள்.

இது என் ஒருவனுடைய கவனக்குறைவு மட்டுமென்றால் அதை என்னோடு வைத்துக்கொண்டிருப்பேன். மூளையில் பட்ட காயம் வலிப்பாகவும் வரும், கோபமாகவும் வரும், யாரையும் நம்பாத சந்தேகமாகவும் வரும். எங்கள் வைத்தியசாலைகளிலோ வலிப்புக்கு ஒரு கதவு, கோபத்துக்கு வேறொரு கதவு. இரண்டு கதவுகளுக்குப் பின்னாலும் நல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். ஒரு காலைப் பொழுதில் எண்பது, நூறு பேரைப் பார்த்து முடிக்கிறார்கள். ஒருவரையொருவர் அறிந்தவர்கள், மதிப்பவர்கள். இருந்தும் இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலம் யாருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. அந்த நிலத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்தான் நரம்பியல் உளமருத்துவம். உங்களிற் சிலர் அந்த நிலத்திலேயே வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

அந்த நிலம் எப்போதும் இப்படிப் பிரிந்து கிடந்ததில்லை. மறதிநோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த அலோய்ஸ் அல்ஸைமர் ஓர் உளமருத்துவர். 1906 இல் அவர் உலகுக்கு விபரித்த அந்தப் பெண், கணவர்மீது தீராத சந்தேகம் கொண்டவராக 1901 இல் பிராங்க்பேர்ட் மனநல வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர். மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929 இல் வெளியிட்ட ஹான்ஸ் பேர்கர், யேனா நகரில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர். சிந்தனையும் உணர்ச்சியும் நோயுறும் இடத்தை மூளையிலேயே தேட வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களிடம் இருந்தது. நுணுக்குக்காட்டியும் மின்கம்பியும் உளமருத்துவர் கையிலேயே இருந்த காலம் அது.

பின்னர் வந்தவர்களில் மூவரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். மூவரும் போர்க்காயங்களிலிருந்து கற்றவர்கள். முதலாம் உலகப் போரில் மூளையில் காயம்பட்ட படையினருக்காக பிராங்க்பேர்ட்டில் ஒரு நிலையத்தை நடத்தி, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தவர் கேர்ட் கோல்ட்ஸ்டைன். அவர் யூதர் என்பதால் 1933 இல் கைதாகி, நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் மறுபடி தொடங்கினார். இடம்பெயர்ந்த நிபுணரின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் உரால் மலைப்பகுதியில் ஒரு மருத்துவமனையை மூளைக்காயப்பட்டோரின் மறுவாழ்வுக்காக நடத்தியவர் அலெக்ஸாண்டர் லூரியா. மூன்றாமவர் அல்வின் லிஷ்மன். நரம்பியலில் தொடங்கி உளமருத்துவத்துக்கு வந்த அவர், அதே போரில் தலையில் ஊடுருவிய காயம்பட்டு ஒக்ஸ்போர்ட்டில் சிகிச்சை பெற்ற 670 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, மூளையின் எந்தப் பகுதியில் காயம்பட்டால் எத்தகைய உளப்பாதிப்பு நெடுநாள் நிலைக்கிறது என்பதை 1968 இல் எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து அவர் வெளியிட்ட பாடநூலில்தான் உங்களில் மூத்தவர்கள் இந்தத் துறையைக் கற்றிருப்பீர்கள். 1987 இல் பிரித்தானிய நரம்பியல் உளமருத்துவச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே.

இங்கே நான் நின்று கவனிக்க விரும்புவது லிஷ்மனின் அறிவுக் கூர்மையை அன்று. அவர் கைக்கு 670 பேரின் பதிவுகள் கிடைத்தன என்பதைத்தான். காயம்பட்டவர்கள் ஒரே இடத்தில் பராமரிக்கப்பட்டார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருந்தது, அதை ஆண்டுக்கணக்கில் யாரோ தூசு தட்டிப் பாதுகாத்தார்கள். எமக்கும் போர் இருந்தது. தலையில் துண்டுகளோடு வாழ்பவர்கள் வன்னியிலும் குடாநாட்டிலும் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எத்தனை பேர், யாருக்கு வலிப்பு வந்தது, யாருடைய குணம் மாறியது, யாருடைய குடும்பம் கலைந்தது என்று கேட்டால், என் 26 ஆண்டுகளில் விரித்துப் பார்க்க எனக்கு ஒரு பதிவேடு கிடைத்ததில்லை. வியட்நாம் போரில் தலையில் ஊடுருவிய காயம்பட்ட அமெரிக்கப் படையினரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வில், 15 ஆண்டுகளுக்குள் 53 வீதமானோருக்கு வலிப்பு ஏற்பட்டிருந்தது. சிலருக்கு அது பல ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. எம்மவர்களில் வீதம் என்ன? அவர்களுக்கு வயது ஏறும்போது மறதி முந்திக்கொண்டு வருமா? இந்தக் கேள்விகளுக்கு உலகின் வேறெந்த மருத்துவமனையும் எமக்காகப் பதில் தேடித் தராது. அத்துடன், தலைக்குள் உலோகத் துண்டு இருப்பவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அப்படியே அனுப்ப முடியாது. காந்தப்புலத்தில் துண்டு அசையக்கூடும். எக்ஸ்றேயையும் சி.ரி. ஸ்கானையும் வைத்துக்கொண்டு, மிகுதியை நோயாளியின் நடையிலிருந்தும் பேச்சிலிருந்தும் மனைவியின் வாக்குமூலத்திலிருந்தும் அறிந்துகொள்ளும் பழைய கைத்தேர்ச்சி எமக்குத்தான் அதிகம் வேண்டும்.

இன்னொருவரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2003 ஆம் ஆண்டு, ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஒரு பெண்பிள்ளை. மூன்று நாள் உறக்கமில்லை, பின்னர் தொடர்பில்லாத பேச்சு, பின்னர் பயம். கோயிலில் நூல் கட்டிவிட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள். நாங்கள் மனநோய் என்று மருந்து தொடங்கினோம். இரண்டாவது வாரத்தில் வாயையும் நாக்கையும் ஓயாமல் அசைக்கத் தொடங்கினாள். மருந்தின் பக்கவிளைவு என்று எழுதினேன். பிறகு வலிப்பு, பிறகு காய்ச்சல், பிறகு வேறு விடுதி. ஐந்தாவது வாரத்தில் இறந்துபோனாள். 2007 இல் நரம்பியல் நிபுணர் யோசப் டல்மோவும் சகாக்களும், பெரும்பாலும் சூலகக் கட்டியோடு மனக்குழப்பமும் வலிப்பும் வந்த 12 பெண்களைப் பற்றி எழுதி, மூளையில் நரம்புச் செய்திகளை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்புச்சக்தியே தாக்கும் நோயை வெளிப்படுத்தினார்கள். அந்தக் கட்டுரையைச் சில ஆண்டுகள் கழித்து வாசித்தபோது அந்தப் பிள்ளையின் முகம் என் முன்னே வந்து நின்றது. அவளுக்கு இருந்தது அந்த நோய்தானா என்று இனி எவரும் அறிய வழியில்லை. 2003 இல் அதற்கு உலகில் எங்கும் பெயரும் இல்லை. ஆனால் இன்று பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது, சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்றாகத் தேறியதாக 2013 இல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. குருதியையும் முதுகுத்தண்டு நீரையும் பரிசோதனைக்கு அனுப்புவது பிறகு வரும் வேலை. அதற்கு முன், உளநல விடுதியின் கட்டிலருகே நின்று, "இது மனநோய்போல் தெரிகிறது, ஆனால் இல்லை" என்று சந்தேகிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை எப்படி உருவாக்குவது என்பதுதான் இந்த மடலின் கேள்வி.

அவர் தமிழிலேயே கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். "வயித்துக்குள்ளால ஏதோ உருண்டு மேல எழும்பி வருது, பிறகு இதெல்லாம் முந்தி நடந்த மாதிரி ஒரு எண்ணம், அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது" என்று ஓர் அம்மா சொன்னால், வீட்டார் அதை வாயுக்கோளாறு என்பார்கள். மொழிபெயர்த்துக் கேட்கும் வைத்தியர் "வயிற்று வலி, பதற்றம்" என்று எழுதுவார். அது பக்கமூளையில் தொடங்கும் வலிப்பின் முன்னறிகுறி என்பதை அவளுடைய சொல்லின் வரிசையிலிருந்தே பிடிக்க வேண்டும். நினைவாற்றலைச் சோதிக்கும் படிவங்களும் அப்படியே. உலகெங்கும் பயன்படும் மொக்கா சோதனையில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகியவற்றின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். வாழ்நாளில் காண்டாமிருகத்தைப் படத்திலும் பாராத ஒரு தீவகத்து மூதாட்டிக்கு அங்கே ஒரு புள்ளி போய்விடும். ஒரு நிமிடத்துக்குள் குறித்த எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் பகுதி ஆங்கில எழுத்துக்கு வசதியானது. தமிழில் "க" என்றால் "கா"வும் "கி"யும் "கு"வும் சேருமா, சேராதா? பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஒருமாதிரி விளங்கிக்கொள்வார், படியாதவர் வேறுமாதிரி. இன்றைய திகதி என்ன என்று கேட்டால், "நாளைக்குச் சதுர்த்தி" என்று மிகச் சரியாகப் பதில் சொல்லும் முதியவருக்குப் படிவம் பூச்சியம் போடும். தமிழ்ப் பதிப்புகள் இருக்கின்றன என்பதை அறிவேன். மொழிபெயர்ப்பு வேறு, இந்த மண்ணின் மனிதர்களை வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ப அளந்து, எது இயல்பு எது நோய் என்று கோடு போடுவது வேறு. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் பெரிய வீட்டில் என்று ஆகிவிட்ட இந்தக் குடாநாட்டில் அந்தக் கோடு எவ்வளவு அவசரமானது என்பதை, வாரந்தோறும் தாயுடன் காணொளியில் பேசும் நீங்கள் என்னைவிட நன்றாக உணர்வீர்கள்.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் வருகிறீர்கள். ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழாவோடு பெரும்பாலும். கருத்தரங்கில் உரையாற்றுகிறீர்கள், வைத்தியசாலைக்கு உபகரணம் தருகிறீர்கள், நாங்கள் நன்றியுடன் பொன்னாடை போர்த்துகிறோம். அந்த வருகைகளை நான் சிறுமைப்படுத்தவில்லை. அத்தகைய ஓர் உரையில் கேட்ட ஒரு வசனத்தை வைத்துத்தான், சாப்பிடாமல் பேசாமல் சிலைபோல் கிடந்த ஒரு தாய்க்குக் கற்றற்றோனியா என்று சந்தேகித்து லொறாசிபாம் கொடுத்தேன். அன்று பின்னேரமே அவர் தண்ணீர் கேட்டார். ஆனால் அடுத்த ஆண்டு அந்த உரையாளர் வரவில்லை. அவரிடம் கேட்க நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் என் நோட்டுப் புத்தகத்திலேயே இருந்துவிட்டன. ஒரு துறையின் தலைமை என்பது அங்கே வந்து பேசுவதில் இல்லை, தாம் போன பிறகும் அந்தத் துறையை நடத்தக்கூடிய ஒருவரை அங்கே நிறுத்துவதில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதை எமக்கு முதலில் செய்து காட்டியவர் மானிப்பாயில் இருந்தார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அறுபதுக்கு மேற்பட்டோரை மருத்துவர்களாகப் பயிற்றினார். அவர்களில் 33 பேருக்குத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவார்கள், தமிழில் கற்றவர்கள் தம் மக்களோடு தங்குவார்கள் என்பதும் அவருடைய எண்ணங்களில் ஒன்று. போரின் நடுவே, ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் உளமருத்துவர்களே இருந்த காலத்தில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆசிரியர்களையும் கிராமத்துப் பணியாளர்களையும் பயிற்றியதும் அதே வழிதான். என் போன்றோர் அந்த வழியால் வந்தவர்கள்.

அப்படி நிலைத்து நிற்பவர் உருவாக வேண்டுமானால், அவருக்கு ஒரு தொழில் வாழ்க்கை இருக்க வேண்டும். தியாகம் மட்டும் போதாது. இப்போதைய நடைமுறையை எண்ணிப் பாருங்கள். ஓர் இளம் வைத்தியர் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் உளமருத்துவப் பரீட்சையில் தேறுகிறார். பிணை ஒப்பமிட்டு வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறார். ஒரு நல்ல நரம்பியல் உளமருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறார். திரும்பி வந்தால் அவருக்குக் கிடைப்பது பொது உளமருத்துவராக ஒரு மாவட்டம், நூறு பேர் கிளினிக், நிர்வாகக் கடிதங்கள். கற்றது இரண்டு ஆண்டுகளில் கரைந்துவிடும். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு பலர் திரும்பவேயில்லை. பிள்ளைக்குப் பால்மா வாங்க வரிசையில் நின்ற நாட்களை நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல என் நா எழாது. ஆனால் பதவியும் ஆய்வுக்கு நேரமும் பேச ஒரு சகாவும் இருந்திருந்தால் சிலராவது வந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். இப்படிச் சொன்ன இருவரை எனக்கு நேரில் தெரியும். மூளை மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்கும் தொழினுட்பவியலாளர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் நிலை இன்னும் மோசம். இந்தத் துறை அவர்கள் இல்லாமல் ஒரு நாளும் நடக்காது. அவர்களுக்கோ ஏறிச்செல்ல ஏணியே இல்லை.

வேறு இடங்களில் ஏணி எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் பார்க்கிறோம். புதுடில்லியில் பயின்று ஆஸ்திரேலியா சென்ற பேராசிரியர் பெர்மிந்தர் சச்தேவ், சர்வதேச நரம்பியல் உளமருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். சிட்னியில் 70 முதல் 90 வயது வரையான ஆயிரத்துக்கு மேற்பட்ட முதியோரைச் சேர்த்து 2005 இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் அவரும் சகாக்களும் எத்தனை இளையோரை வளர்த்தெடுத்தார்கள் என்பதையே நான் அவருடைய பெரிய பதவியைவிட மேலாக மதிக்கிறேன். பெங்களூரில் 1974 இல், பழைய மனநல வைத்தியசாலையையும் அகில இந்திய மனநல நிறுவனத்தையும் இணைத்துத் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவானபோது, நரம்பியலும் நரம்பு அறுவைச் சிகிச்சையும் உளமருத்துவமும் ஒரே வளவுக்குள் வந்தன. எமக்கு அவ்வளவு பெரிய வளவு வேண்டாம். ஓர் அறை போதும்.

ஆகவே கேட்கிறேன். வாரத்தில் ஓர் அரைநாள், நரம்பியல் நிபுணரும் உளமருத்துவ நிபுணரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரே கொப்பியில் எழுதும் கூட்டுக் கிளினிக் ஒன்றைத் தொடங்க மருத்துவ பீடம் முன்வர வேண்டும். உங்களில் ஆறு பேர், முறை வைத்து, காணொளி வழியாக அந்த அறையில் இருக்க வேண்டும். ஒரு தடவை மட்டுமல்ல, மூன்று ஆண்டுகளுக்கு, நோயாளிகளின் பெயர் உங்களுக்கு நினைவில் நிற்கும் அளவுக்கு. தலையில் காயம்பட்டோருக்கான பதிவேடு அந்த அறையில் தொடங்கட்டும். அதிலிருந்து எழுதப்படும் கட்டுரைகளில் முதற்பெயர் இங்குள்ள இளையவருடையதாக இருக்கட்டும். இரண்டு துறைகளுக்கும் பொதுவான ஒரு விரிவுரையாளர் பதவியைப் பீடம் கோரிப் பெற வேண்டும். அது கிடைக்கும்வரை அந்த ஒருவரின் ஆய்வு நேரத்துக்கான செலவை நீங்கள் கூடி ஏற்க வேண்டும். ஓர் உபகரணத்தின் விலையில் இது முடியும் என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிரிவுகளில் இங்கிருந்து வரும் பயிற்சியாளர்களுக்கு இடம் கொடுக்கும்போது, வைத்தியருக்கு ஓர் இடமென்றால் தொழினுட்பவியலாளருக்கோ உளவியலாளருக்கோ ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து போனவர்கள் சேர்ந்து திரும்பி வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணி பொருத்தமாகத் தோன்றுகிறது. அப்போது இலண்டனில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. சிட்னியில் வேலை முடிந்த மாலை. ரொறன்ரோவில் உள்ளவர்களுக்கு அது விடியாத நேரம் என்பதால், மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை இங்கு இரவு 7 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். நான் ஓய்வுபெற்றவன், நேரம் இருக்கிறது. கோப்புகளை ஒழுங்குபடுத்தி முன்கூட்டியே அனுப்பும் வேலையை ஏற்றுக்கொள்கிறேன். முதல் நாளுக்கு வருவதற்கு, இரண்டு கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு, அந்த மனிதரும் அவருடைய மனைவியும் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வைத்திய அதிகாரி (உளநலம்),
யாழ்ப்பாணம்